[தீர்ந்தது] பழைய 17 அங்குல மானிட்டர்: காலையில் படம் ஒடுங்குகிறது, நடுநடுவே ஆடுகிறது

#1 மூடுபனி | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் சித்தப்பாவுக்குக் காய்கறிக் கமிஷன் கடை. கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு எல்லாம் மேல்மலையிலிருந்து வரும். கணக்கு இன்றுவரை டாஸ் புரோகிராமில்தான் ஓடுகிறது. விண்டோஸ் 98, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பின்பக்கம் புடைத்த 17 அங்குல மானிட்டர். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை மூன்று.

காலையில் கடை திறந்து ஆன் செய்தால் படம் இரண்டு பக்கமும் ஒடுங்கி வருகிறது. ஓரம் நேராக இல்லை, உடுக்கையின் இடுப்பு மாதிரி உள்வாங்கியிருக்கிறது. இருபது இருபத்தைந்து நிமிடம் போனால் தானாக விரிந்து சரியாகிவிடும்.

இரண்டாவது, திடீரென்று மொத்தப் படமும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஆடும். பத்து நிமிடம் ஆடும், நிற்கும், மறுபடி ஆடும். பெயர்ப்பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சித்தப்பாவுக்குத் தலைவலி.

மூன்றாவது, வலது மேல் மூலையில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு. இது எப்போதும் இருக்கிறது.

கேபிளைக் கழற்றி மாட்டினேன், வேறு கேபிள் போட்டேன், டிரைவரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். சித்தப்பா தன் பங்குக்கு மானிட்டர் தலையில் இரண்டு தட்டு தட்டினார். எதுவும் மாறவில்லை.

#2 எல்சிடிபோதும் | திங்கள், இரவு 9.25

தூக்கிப் போடுங்கள். செகண்ட் ஹேண்டில் எல்சிடி கிடைக்கும். அந்தப் பெட்டி குடிக்கிற கரண்டுக்கே புதுசு வாங்கலாம்.

#3 மூடுபனி | திங்கள், இரவு 9.40

வாங்கிப் பார்த்தாயிற்று, அண்ணே. டாஸ் எழுத்துத் திரை 720க்கு 400. அதை 1280க்கு 1024 எல்சிடி இழுத்து நிரப்பும்போது எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறிய பில் மாதிரி ஆகிறது. 3, 8 வித்தியாசம் தெரியவில்லை என்று சித்தப்பா அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். மூட்டைக் கணக்கில் 3 எட்டானால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

#4 பழையபெட்டி | திங்கள், இரவு 10.30

தம்பி, நான் திண்டுக்கல்லில் இருபது வருடத்துக்கு மேல் டிவியும் மானிட்டரும் பார்த்தவன். இப்போது கண் ஒத்துழைக்காததால் கடையை மகனிடம் விட்டுவிட்டேன்.

முதலில் ஒன்று. பெட்டியைத் திறக்காதே. டியூபின் (படம் தெரியும் கண்ணாடிக் குழாய்) ஆனோடில், அதாவது ஹை வோல்டேஜ் ஏறும் முனையில், 25,000 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் டியூபே ஒரு பெரிய கெப்பாசிட்டராக அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஷாக்கை விட, ஷாக்கில் கையை வெடுக்கென்று இழுக்கும்போது டியூப் கழுத்து உடைவதும் கை கிழிவதும்தான் நான் அதிகம் பார்த்தது.

நீ மூன்று பிரச்சினை என்று பிரித்துச் சொன்னாயே, அதுவே பாதி வேலை. பெரும்பாலானவர்கள் "படம் சரியில்லை" என்று மட்டும் சொல்வார்கள். தட்டியும் மாறவில்லை என்பது நல்ல தகவல். டிரை சோல்டராக, அதாவது ஈயப்பற்று விட்டுப்போனதாக, இருந்தால் தட்டும்போது படம் ஒரு துள்ளு துள்ளும்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்.

மானிட்டர் மேலே, பக்கத்தில், பின்னால் என்னென்ன இருக்கிறது? சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் சேர்த்துச் சொல்.

ஆட்டம் விண்டோஸ் திரையிலும் டாஸ் திரையிலும் ஒரே வேகமா? விண்டோஸில் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை தடவை படத்தைத் திரும்ப வரைவது, எவ்வளவு வைத்திருக்கிறாய்? அதை மாற்றினால் ஆட்டத்தின் வேகம் மாறுகிறதா?

காலையில் ஒடுங்குவது குளிர் அதிகமான நாளில் கூடுதலா?

#5 குறிஞ்சி2030 | செவ்வாய், காலை 7.15

ஒரு சந்தேகம். கொடைக்கானலில் 1899-லேயே சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. அங்கே சூரியனை மட்டுமல்ல, பூமியின் காந்தப்புலத்தையும் அளந்து வந்திருக்கிறார்கள். காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் போகிறது என்பார்கள். இந்த மானிட்டர் எல்லாம் காந்தத்தால் கதிரை வளைத்துப் படம் வரைவதுதானே? மலையின் காந்தம்தான் காரணமோ?

#6 பழையபெட்டி | செவ்வாய், காலை 8.05

நல்ல கேள்வி, ஆனால் ஆள் அவர் இல்லை. பூமியின் காந்தப்புலம் நம் பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது கிட்டத்தட்டப் படுக்கைவசமாக, வடக்கு தெற்காக ஓடுகிறது. அதனால் படம் லேசாகச் சாயும், நிறம் கொஞ்சம் தள்ளிப்போகும். கிழக்குப் பார்த்திருந்த மானிட்டரை வடக்குப் பார்த்துத் திருப்பினால் அந்த வித்தியாசம் தெரியும். அந்தக் காலத்தில் உலகின் எந்தப் பகுதிக்கு அனுப்புகிறோமோ அதற்கேற்பவே தொழிற்சாலையில் சரிசெய்து அனுப்புவார்கள்.

ஆனால் பூமியின் காந்தம் நின்ற இடத்தில் நிற்பது. நிற்கிற காந்தம் படத்தைச் சாய்க்கும், ஆட்டாது. ஆடுகிறதென்றால் ஆடுகிற காந்தம் ஏதோ பக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் நொடிக்கு 50 தடவை ஆடுவது எது? கரண்ட்.

#7 மூடுபனி | செவ்வாய், இரவு 8.50

ஐயா, கேட்டதெல்லாம் பார்த்துவிட்டேன்.

மானிட்டர் தலைமேல் சித்தப்பாவின் ரேடியோப் பெட்டி. கோடை பண்பலை 100.5 இல்லாமல் அவருக்குக் கடை ஓடாது. வலது பக்கம் கால்குலேட்டர், ஊதுபத்தி ஸ்டாண்ட். பின்னால் பலகைச் சுவர். அந்தப் பக்கம் அடுத்த கடை.

விண்டோஸில் 60 இருந்தது. அதில் ஆட்டம் வேகமான அலை மாதிரி இருக்கிறது, ஆனால் அலை ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. 85-க்கு மாற்றியதும் அலையாகத் தெரியாமல், எழுத்தின் ஓரம் கூசுவதுபோல் ஒரு நடுக்கமாக மாறிவிட்டது. டாஸ் திரையில் இரண்டுக்கும் நடுவில்.

குளிருக்கும் ஒடுங்குவதற்கும் சம்பந்தம் இருக்கிறது. நேற்று மழை விட்டு வெயில் அடித்தது. பத்து நிமிடத்திலேயே விரிந்துவிட்டது.

#8 பழையபெட்டி | செவ்வாய், இரவு 9.45

பார்த்தாயா, பெட்டியைத் திறக்காமலே எவ்வளவு தெரிந்துவிட்டது.

வெளியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் காந்தம் தொட்டால், ரெஃப்ரெஷ் ரேட்டுக்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டமாகத் தெரியும். 60 வைத்தால் நொடிக்கு 10 ஆட்டம். கண்ணுக்கு அதுதான் மகா தொல்லை. டாஸ் எழுத்துத் திரை 70-இல் ஓடும், அங்கே 20. 85 வைத்தால் 35, அவ்வளவு வேகத்தைக் கண் அலையாகப் பிரித்துப் பார்க்காது, நடுக்கமாகத்தான் பார்க்கும். நீ சொன்ன வரிசை அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு சரிபார்ப்பும் இருக்கிறது. ஆடும்போது திரையின் ஓரத்தில் மேலிருந்து கீழே எத்தனை வளைவு என்று எண்ணு. மானிட்டருக்குள்ளேயே மெயின் கெப்பாசிட்டர் போயிருந்தால் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள், அதாவது கரண்டில் ஏற்ற இறக்கம், வரும். 60-இல் பார்த்தால் ஓரத்தில் ஒன்றரை அலைக்கு மேல் தெரியும். வெளியிலிருந்து வரும் 50 என்றால் ஒரு முழு அலைகூடத் தேறாது.

ஊதாத் திட்டு அந்த ரேடியோதான். ஸ்பீக்கர் காந்தம் டியூபுக்குள் திரைக்குப் பின்னால் இருக்கும் ஷேடோ மாஸ்க் என்ற துளைத் தகட்டைக் காந்தமாக்கிவிட்டது. பச்சை விழ வேண்டிய கதிர் பக்கத்துப் புள்ளியில் விழுகிறது. ரேடியோவை இரண்டு மூன்று அடி தள்ளி வை. பிறகு மெனுவில் டீகாஸ் (ஏறிய காந்தத்தை இறக்குவது) என்று இருந்தால் ஒரு தடவை அழுத்து. "டொம்" என்று ஒரு சத்தத்தோடு படம் குலுங்கி அடங்கும். உடனே உடனே அழுத்தாதே. உள்ளே சூடேறினால் கரண்டைக் குறைக்கிற தெர்மிஸ்டர் ஒன்று சூடாகியிருக்கும், அது ஆற இருபது முப்பது நிமிடம் விடு. இல்லையென்றால் அடுத்த டீகாஸ் பேருக்குத்தான் நடக்கும்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? அதைச் சொல்லவில்லையே.

#9 குன்னூர்_அக்கா | புதன், காலை 6.30

பழையபெட்டி ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. குன்னூரில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு மானிட்டர், எட்டும் ஒட்டி ஒட்டி. ஒன்று 60, பக்கத்தில் ஒன்று 75 என்று இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆட்டம் காட்டும். எல்லாவற்றையும் ஒரே ரேட்டில் வைத்து நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்ட பிறகுதான் பிள்ளைகள் சண்டை போடாமல் உட்கார்ந்தார்கள். கடைசி மூலையில் ஒன்று மட்டும் ஓயாமல் ஆடியது. மேசைக்கு அடியில் ஸ்டெபிலைசர்! மூன்று மெக்கானிக் வந்து போனார்கள், ஒருவர்கூடக் குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கவில்லை.

தம்பி, சுவரில் காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஸ்டெபிலைசர் என்றால் "ம்ம்ம்" என்று உறுமும்.

#10 மூடுபனி | புதன், மாலை 5.20

காதை வைத்தேன். உறுமுகிறது!

பக்கத்துக் கடையில் போன மாதம்தான் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் வந்தது. சீசன் வியாபாரம். மலையில் வோல்டேஜ் இறங்கி ஏறுவதால் பெரிய ஸ்டெபிலைசர் ஒன்றைப் பலகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். எங்கள் மானிட்டரின் முதுகுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைதான். ஃப்ரீசர் கம்ப்ரெசர் ஓடும்போது ஆடுகிறது, நின்றால் நிற்கிறது. வாட்ச் வைத்துப் பார்த்தேன்.

ஊதாத் திட்டும் போய்விட்டது. டீகாஸ் முதல் தடவையில் பாதி, அரை மணி நேரம் கழித்து இரண்டாவது தடவையில் மீதி. ரேடியோ இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில்.

நடுவில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சித்தி வைத்திருந்த அலுமினிய ஃபாயிலைச் சுவர் முழுக்க ஒட்டினேன். ஒரு மயிரிழைகூட ஆட்டம் குறையவில்லை. ஃபாயில் காலியானதற்குச் சித்தியிடம் வாங்கியதுதான் மிச்சம்.

#11 பழையபெட்டி | புதன், இரவு 9.00

ஃபாயில் ரேடியோ அலையைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு அந்த மெல்லிய தாள் இருப்பதே தெரியாது. இரும்புத் தகடு வைத்தால் கொஞ்சம் திருப்பலாம், ஆனால் அந்தத் தகடே காந்தமாகி ஊதாத் திட்டைத் திரும்பக் கொண்டுவரும். இதற்குத் தூரம்தான் மருந்து. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தம் தூரத்துக்கு மிக வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஏறத்தாழ எட்டில் ஒன்று, மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒன்று. மானிட்டரை மூன்றடி முன்னால் கொண்டுவந்து பார். இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் நயமாகக் கேட்டு எதிர்ச்சுவரில் மாட்டச் சொல். சண்டைக்குப் போகாதே, அவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

#12 தேயிலைத்தோட்டம் | புதன், இரவு 10.15

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோத்தகிரி. என்னுடையது 17 அங்குலப் பழைய எல்சிடி. எழுத்து மங்கல், சில இடத்தில் செங்குத்தாக நிழல் பட்டை, அதுவும் நடுங்குகிறது. இதற்கும் ஸ்டெபிலைசரா?

#13 எல்சிடிபோதும் | புதன், இரவு 10.40

இல்லை. எல்சிடியில் வளைக்கக் கதிரே கிடையாது, காந்தம் ஒன்றும் செய்யாது. விஜிஏ கேபிளில்தானே மாட்டியிருக்கிறீர்கள்? ரெசல்யூஷனை 1280க்கு 1024 வையுங்கள், 17 அங்குலத்துக்குப் பெரும்பாலும் அதுதான் சொந்த அளவு. பிறகு திரை நிறைய எழுத்துள்ள பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, மானிட்டரில் ஆட்டோ பட்டனை அழுத்துங்கள். வெறும் நீல டெஸ்க்டாப்பில் அழுத்தினால் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. அப்படியும் பட்டை இருந்தால் மெனுவில் கிளாக், மங்கல் இருந்தால் ஃபேஸ். இரண்டையும் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துங்கள். மீதிக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே சித்தப்பா காத்திருக்கிறார்.

#14 மூடுபனி | வெள்ளி, காலை 9.30

பக்கத்துக் கடை அண்ணன் நல்ல மனிதர். "அட, என் பெட்டியா உங்க டிவியை ஆட்டுது?" என்று சிரித்துவிட்டு, நேற்று மதியமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டார். ஆட்டம் சுத்தமாக இல்லை. சித்தப்பா ஒரு கிலோ கேரட் கொடுத்தார்.

ஆனால் காலை ஒடுங்கல் அப்படியே இருக்கிறது. இன்று நல்ல பனி, முப்பது நிமிடம் ஆனது.

#15 பழையபெட்டி | வெள்ளி, மாலை 4.10

இருக்கத்தான் செய்யும், அது வேறு நோய். ஒரே உடம்பில் சளியும் பல்வலியும் வந்த மாதிரி. சளிக்கு மருந்து கொடுத்தால் பல் அடங்குமா?

இது உள்ளே இருப்பது. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்துகொண்டே வரும். காய்ந்த கெப்பாசிட்டர் குளிரில் இன்னும் மோசமாகும், உள் தடை ஏறிவிடும். சூடானதும் கொஞ்சம் உயிர் வரும். அதனால்தான் காலையில் நோயாளி, மதியம் ஆரோக்கியம். சமவெளியில் இருந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு வருடம் உனக்குத் தெரியாமலே ஓடியிருக்கும். உங்கள் ஊர்க் குளிர் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிட்டது.

படம் வெறுமனே நாலு பக்கமும் சுருங்கினால் பவர் சப்ளைப் பக்கம் பார்ப்பேன். ஓரம் இடுப்பு மாதிரி உள்வாங்குகிறது என்கிறாய். அது ஓரத்தை நிமிர்த்தும் சர்க்யூட். பின்குஷன் என்போம். அங்கே இரண்டு மூன்று சின்ன கெப்பாசிட்டர்கள்தான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பனி இறங்கும் நாளில் பின்னாலிருந்து "ஸ்ஸ்" என்று சத்தமோ, மின்னல் அடித்த மாதிரி ஒரு வாடையோ வருகிறதா?

#16 மூடுபனி | வெள்ளி, இரவு 8.00

எப்போதாவது லேசாக ஸ்ஸ் சத்தம் வரும். ஆன் செய்த முதல் ஐந்து நிமிடம். ஆபத்தா?

#17 பழையபெட்டி | வெள்ளி, இரவு 8.35

ஆனோட் கேப் ரப்பரைச் சுற்றித் தூசி சேர்ந்து, அதில் ஈரம் ஏறி, ஹை வோல்டேஜ் கசிகிறது. உங்கள் ஊர் 2,100 மீட்டர். காற்று மெலிந்தது, மெலிந்த காற்று கீழே இருப்பதைவிடச் சீக்கிரம் வழிவிடும். பல கருவிகளின் கையேட்டில் இயக்க உயரம் 2,000 அல்லது 3,000 மீட்டர் வரை என்று போட்டிருப்பது இதற்காகவும்தான். மெக்கானிக் வரும்போது சார்ஜை இறக்கிவிட்டு ரப்பரைத் துடைத்துக் காயவைக்கச் சொல். அதுவரை பனி நாளில், சத்தம் வந்தால், ஆஃப் செய்துவிடு.

கீழே எடுத்துப் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். மானிட்டரின் எடை முழுக்க முன்கண்ணாடியில். திரை கீழே பார்க்கும்படி மெத்தையில் கவிழ்த்து வை, இல்லையென்றால் கொண்டை ஊசி வளைவில் உருண்டுவிடும். மலைக்குளிரிலிருந்து வத்தலக்குண்டு வெக்கையில் இறக்கியதும் பெட்டிக்குள் வியர்க்கும். இரண்டு மணி நேரம் ஆன் செய்யாதே.

#18 குறிஞ்சி2030 | சனி, காலை 7.40

இந்த வியர்வை விஷயம் கேமராவுக்கும் உண்டு. ஏரியில் படம் எடுத்துவிட்டு அப்படியே டீக்கடைக்குள் போனால் லென்ஸ் மூடிக்கொள்ளும்.

#19 மூடுபனி | அடுத்த வியாழன், இரவு 9.15

முடிந்தது. விவரமாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

எடுத்துப் போகவில்லை. வத்தலக்குண்டிலிருந்து ஒரு டிவி மெக்கானிக் அண்ணன் ஓட்டல் ஒன்றில் வேலை என்று மேலே வந்தார், அவரையே பிடித்தோம். காலை 7 மணிக்கே வரச்சொன்னேன், மானிட்டர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று. அவருக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது!

மூடியைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது ஒரு பல்லியின் எலும்புக்கூடு. ஆனோட் ரப்பரைச் சுற்றிக் கறுப்பாக விரல் தடிமனுக்குப் பிசுக்கு. ஊதுபத்திப் புகையும் தூசியும் சேர்ந்தது என்றார். துடைத்தார், உலர்த்தினார்.

அப்புறம் ஆன் செய்தார். இடுப்பு ஒடுங்கி வந்தது. சித்தியின் ஹேர் டிரையரை வாங்கி, போர்டில் ஒவ்வொரு மூலையாகச் சூடு காட்டினார். (பாவம் சித்தி, முதலில் ஃபாயில், இப்போது இது.) வலது ஓரம் ஒரு இடத்தில் காட்டியதும் படம் கண்ணெதிரே விரிந்தது. ஆஃப் செய்து, சார்ஜ் இறக்கி, அந்த இடத்தில் இருந்த இரண்டு கெப்பாசிட்டர்களைக் கழற்றினார். ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. 10 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், 85 டிகிரி என்று போட்டிருந்தது. அதே அளவில் 105 டிகிரி ரகம் போட்டார். பக்கத்தில் சந்தேகமாக இருந்த நாலைந்து கால்களுக்குப் புது ஈயம் வைத்தார்.

கூலி 600, கெப்பாசிட்டருக்குத் தனியாக வாங்கவில்லை. சித்தப்பா பூண்டு கொடுத்தார்.

இன்று காலை நல்ல பனி. ஆன் செய்த உடனே நேர்ச்சதுரமாகப் படம் நின்றது. ஸ்ஸ் சத்தமும் இல்லை.

#20 பழையபெட்டி | அடுத்த வியாழன், இரவு 9.50

அந்த மெக்கானிக் தொழில் தெரிந்தவர். சூடு காட்டிக் கண்டுபிடிக்கிறவர்கள் இப்போது குறைவு, போர்டையே மாற்று என்பார்கள்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். டாஸில் ரேட்டை மாற்ற வழியில்லை, விண்டோஸில் 85-லேயே விடு, கண்ணுக்கு நல்லது. ஊதுபத்தி ஸ்டாண்டையும் ரேடியோவோடு சாமி படத்துக்கே அனுப்பிவிடு. பின்னொரு நாள் டியூப் மங்கிப் போய்விட்டால், பள்ளத்தில் உருட்டிவிடாதே. கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, கீழே ஓடைத் தண்ணீர் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடு.

#21 எல்சிடிபோதும் | அடுத்த வியாழன், இரவு 10.05

600 ரூபாய்க்குச் சரியாகிவிட்டதா? என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். பாதி மட்டும்.

#22 குன்னூர்_அக்கா | வெள்ளி, காலை 6.20

மூடுபனி தம்பி, தலைப்பில் "தீர்ந்தது" என்று போட்டுவிடுங்கள். தேடி வருகிறவர்களுக்கு வசதி.

#23 மூடுபனி | வெள்ளி, காலை 8.10

போட்டுவிட்டேன், அக்கா. டாட் மேட்ரிக்ஸில் ஒரு வரி விட்டு ஒரு வரி மங்கலாக அடிக்கிறது என்று சித்தப்பா இப்போது ஆரம்பித்திருக்கிறார். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

#24 தேயிலைத்தோட்டம் | வெள்ளி, காலை 8.30

ஆட்டோ பட்டன் வேலை செய்தது. நன்றி. பட்டை மட்டும் இன்னும் ஒன்று இருக்கிறது.

#25 எல்சிடிபோதும் | வெள்ளி, காலை 8.32

கிளாக். ஒவ்வொரு புள்ளியாக.